ஏ.எல் பெறுபேற்றைக் காட்டி வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் கிரெடிற் பெறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் க.பொ.த. உயர்தரம் முடித்துவிட்டுக் கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ இளமாணிப் படிப்புக்குப் போகிற பிள்ளைகளும் அவர்களின் தாய் தகப்பனும் கேட்கிற கேள்விகள் இவை. அனுமதி கிடைப்பது எப்படி என்பதை இங்கே பேசவில்லை. அனுமதி கிடைத்தவர், இங்கே இரண்டு வருடம் ரியூசனுக்கு ஓடிப் படித்ததையே அங்கே காசு கட்டி மறுபடி படிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் விசயம்.

முதலில், கிரெடிற் என்றால் என்ன? எத்தனை கிடைத்தால் ஒரு வருடம் மிச்சம்?

கிரெடிற் என்பது பட்டத்துக்காகப் படித்து முடித்த பாடத்தின் அளவைக் காட்டும் அலகு. அமெரிக்காவில் நான்கு வருட இளமாணிப் பட்டத்துக்குப் பொதுவாக 120 செமஸ்ரர் கிரெடிற் வேண்டும். ஒரு பாடம் 3, ஆய்வுகூடம் சேர்ந்தால் 4. வருடத்துக்கு ஏறத்தாழ 30. ஆகவே 30 கிடைத்தால் கணக்குப்படி ஒரு வருடம் மிச்சம். "கணக்குப்படி" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது கீழே வரும்.

எல்லா இடத்திலும் அலகு ஒன்றல்ல. சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வருடத்தைக் காலாண்டுகளாகப் பிரித்திருக்கின்றன. அங்கே பட்டத்துக்கு 180 வேண்டும், 1 செமஸ்ரர் கிரெடிற் 1.5 காலாண்டுக் கிரெடிற்றுக்குச் சமம். ரொரன்ரோ பல்கலைக்கழகத்தில் முழுப் பட்டமே 20 கிரெடிற்றுத்தான். ஒரு செமஸ்ரர் பாடம் அங்கே 0.5. அங்கே 2.0 கிடைத்தவரும் அமெரிக்காவில் 12 கிடைத்தவரும் ஏறத்தாழ ஒரே அளவு பெற்றவர்கள். உறவினரின் பிள்ளைக்கு "பன்னிரண்டு கொடுத்தார்களாம், எங்கட பிள்ளைக்கு இரண்டுதானாம்" என்று கவலைப்படுவதற்கு முன் அலகைக் கேளுங்கள்.

பாஸ் பண்ணிய பரீட்சைக்கு ஏன் கிரெடிற் கொடுக்கிறார்கள்? லண்டனில் கொடுப்பதில்லையே?

வட அமெரிக்காவில் பாடசாலை 12ஆம் தரத்தோடு முடிகிறது. பல்கலைக்கழகத்தின் முதல் வருடத்தில் பொதுக் கணிதம், பொது இரசாயனவியல், பொருளியல் அறிமுகம் என்று அடிப்படைப் பாடங்கள் வரும். உயர்தரத்தில் மூன்று பாடங்களை இரண்டு வருடம் ஆழமாகப் படித்தவருக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும். அந்த ஒத்துப்போகிற பகுதிக்குத்தான் கிரெடிற்.

பிரித்தானியா, அவுஸ்திரேலியா, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் பட்டப்படிப்பு உயர்தர மட்டம் முடிந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. அங்கே ஏ.எல் வாசலைத் திறக்கும், அவ்வளவுதான். இலங்கைத் தகைமைச் சட்டகத்திலும் உயர்தரம் 2ஆம் மட்டத்தில் இருக்கிறது, பட்டம் 5ஆம் 6ஆம் மட்டங்களில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஏ எடுத்தவரும் மூன்று சி எடுத்தவரும் உள்ளே போன பிறகு ஒரே முதலாம் செமஸ்ரரில்தான் உட்காருவார்கள். ஆகவே இந்தப் பக்கம் முழுக்க அமெரிக்காவையும் கனடாவையும் பற்றியது.

எங்கட இலங்கை ஏ.எல்லும் லண்டன் ஏ.எல்லும் அவர்களுக்கு ஒன்றா?

இல்லை. அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான்.

பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் "ஜி.சி.இ ஏ லெவல்" என்று அழகான பட்டியல் இருக்கும். உதாரணமாக, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத் தொகுதி (யூ.சி) ஏ லெவலில் ஏ, பி, சி எடுத்த ஒவ்வொரு பாடத்துக்கும் 8 செமஸ்ரர் கிரெடிற் (அவர்கள் கணக்கில் 12 காலாண்டு அலகு) என்று சொல்கிறது. மொன்றியலில் இருக்கும் மக்கில் பல்கலைக்கழகம் ஏ லெவல், ஐ.பி (சர்வதேச பக்கலோரியா), ஏ.பி (அமெரிக்கப் பாடசாலை மாணவர் எழுதும் பல்கலைக்கழக மட்டப் பரீட்சை) போன்றவற்றுக்கு 30 கிரெடிற் வரை கொடுக்கும். இதனால் 120 கிரெடிற் படிப்பு 90 ஆகி மூன்று வருடத்தில் முடியும். இதைப் பார்த்துவிட்டு "எங்களிடமும் ஜி.சி.இ ஏ லெவல்தானே இருக்கிறது" என்று நம்பிவிடுவார்கள். அந்தப் பட்டியல்கள் பொதுவாக கேம்பிரிட்ஜ், எடெக்செல் போன்ற பிரித்தானியப் பரீட்சைச் சபைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சர்வதேசப் பாடசாலையில் படித்து எடெக்செல் எழுதியவருக்கு அது நேராகப் பொருந்தும். பத்தரமுல்லைப் பரீட்சைத் திணைக்களம் நடத்தும் உயர்தரம் எழுதியவருக்கு மூன்று விதமாக முடியலாம்: அதே பட்டியலில் சேர்ப்பார்கள், தனியாகப் பாடத்திட்டம் கேட்டு மதிப்பிடுவார்கள், அல்லது அனுமதிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு கிரெடிற் இல்லை என்பார்கள்.

ஊகிக்க வேண்டாம். "இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் நடத்தும் உயர்தரத்துக்கு உங்களிடம் கிரெடிற் கொள்கை இருக்கிறதா" என்று நாட்டின் பெயரையும் திணைக்களத்தின் பெயரையும் போட்டே கேளுங்கள். வெறும் "ஏ லெவல்" என்று கேட்டால் வெறும் ஏ லெவலுக்கான பதில்தான் வரும். அந்தப் பதிலை நம்பிச் செலவுக் கணக்குப் போட்டுவிட்டுப் பிறகு அலைய வேண்டியிருக்கும்.

பாடம் பாடமாக என்ன எதிர்பார்க்கலாம்?

இணைந்த கணிதம். எங்கள் மாணவரிடம் இருக்கிற மிகப் பெறுமதியான பாடம் இதுதான். எல்லைகள், வகையீடு, தொகையீடு (பிரதியீடு, பகுதிப்பின்னம், பகுதிகளாகத் தொகையிடல் உட்பட), சிக்கலெண், தாயம், காவி எல்லாம் இருக்கிறது. அமெரிக்க "கல்குலஸ் 1" (முதலாம் நுண்கணிதம்) பாடத்தோடு இது நன்றாகப் பொருந்தும். "கல்குலஸ் 2" கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. டெயிலர் தொடர், தொடர்களின் ஒருங்கல் சோதனைகள் போன்றவை அதில் பெரும் பகுதி, அவை நமது பாடத்திட்டத்தில் இல்லை. பிரயோக கணிதத்தின் நிலையியலைக் காட்டிப் பொறியியல் பீடத்தில் "ஸ்ரற்றிக்ஸ்" பாடத்துக்கு விலக்குக் கேட்பவர்களும் உண்டு. அதுவும் சுலபமல்ல. நாம் படிப்பது ஒருதள விசைகள், அவர்கள் முப்பரிமாணத்தில் கேட்பார்கள்.

பௌதிகவியல். இங்கே ஒரு சிக்கல். அமெரிக்காவில் பௌதிகவியல் இரண்டு வகை: அட்சரகணிதத்தோடு படிப்பது, நுண்கணிதத்தோடு படிப்பது. நமது உயர்தரப் பௌதிகவியல் எவ்வளவு கடினமாக இருந்தாலும் வகையீடு தொகையீடு இல்லாமலே ஓடுகிற பாடம். ஆகவே உயிரியல், கட்டடக்கலை போன்ற துறைக்குப் போகிறவருக்கு முதல் வகைக்குக் கிரெடிற் கிடைக்கலாம். பொறியியலுக்கும் பௌதிகவியல் பட்டத்துக்கும் இரண்டாவது வகைதான் வேண்டும் என்பதால் அங்கே அந்தக் கிரெடிற் கையில் இருந்தும் உதவாது.

இரசாயனவியல். "பொது இரசாயனவியல்" இரண்டு செமஸ்ரருக்கும் பொருந்துகிற பாடம். நாங்கள் படித்த சேதன இரசாயனவியல் ஆழமானதுதான், ஆனாலும் அவர்களின் இரண்டாம் வருடச் சேதன இரசாயனவியலுக்கு விலக்குத் தருவது அரிது. அதைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உயிரியல். பொது உயிரியலுக்கு ஒத்துப்போகும். சிக்கல் ஆய்வுகூடம், அதைத் தனியாகக் கீழே சொல்லியிருக்கிறோம்.

வர்த்தகப் பிரிவு. பொருளியலில் நுண்பாகம் 3, பேரினப்பாகம் 3 என்று பிரித்துக் கேளுங்கள். ஒன்றாகக் கேட்டால் ஒரு பாடத்துக்குத்தான் வரும். கணக்கீட்டில் அறிமுகப் பாடம் ஒன்று கிடைக்கலாம். வணிகக் கல்வி பெரும்பாலும் பொதுத் தெரிவுப் பாடமாகவே போகும்.

கலைப் பிரிவு. இந்து நாகரிகம், கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், தமிழ் ஆகியவற்றுக்கு நேரான பாடம் அங்கே இருக்காது என்று பலர் கேட்பதேயில்லை. கேட்க வேண்டும். மனிதப்பண்பியல், நுண்கலை என்று பொதுக்கல்விப் பிரிவுகள் அமெரிக்கப் பட்டத்தில் கட்டாயமாக இருக்கின்றன, அந்தப் பெட்டிகளை இவை நிரப்பலாம். இன்னொன்று: பல பல்கலைக்கழகங்களில் இரண்டாம் மொழி படிக்கவேண்டும் என்ற விதி உண்டு. தமிழ் மொழிமூலம் படித்தவருக்கு அந்த விதியிலிருந்து விலக்குக் கிடைப்பது வழமை. கிரெடிற் வராவிட்டாலும் இரண்டு மூன்று செமஸ்ரர் பிரெஞ்சோ ஸ்பானிஷோ படிக்காமல் தப்பலாம்.

பொது ஆங்கிலம், பொதுச் சாதாரணப் பரீட்சை. ஒன்றும் கிடைக்காது.

எந்தத் தரம் வேண்டும்?

பொதுவாக சி அல்லது அதற்கு மேல். சில இடங்களில் பி. எஸ் எடுத்த பாடத்துக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

இதோடு ஒட்டிய ஒரு பொறி. விண்ணப்பப் படிவத்தில் சதவீதம் கேட்கும் பெட்டி இருக்கும். இங்கே 75க்கு மேல் என்றால் ஏ. அமெரிக்காவில் 75 என்றால் சி. "ஏ, அதாவது 75" என்று நீங்களாக எழுதிக் கொடுத்தால் அலுவலர் அதைச் சராசரி மாணவர் என்று வாசிப்பார். நமது சான்றிதழில் புள்ளி இல்லை, தரம் மட்டும்தான் இருக்கிறது. தரத்தை மட்டும் எழுதுங்கள். பெட்டி எண் இல்லாமல் நகரவிடாவிட்டால் அனுமதிப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டபின் நிரப்புங்கள்.

இசட் புள்ளி, மாவட்ட நிலை எல்லாம் அனுப்ப வேண்டுமா?

வேண்டாம். இசட் புள்ளி இலங்கைப் பல்கலைக்கழக அனுமதிக்காக ஆனது. "மாவட்டத்தில் 12ஆவது" என்பது புலமைப்பரிசில் விண்ணப்பத்தில் ஒரு வரியாக அழகாக இருக்கும், கிரெடிற் விண்ணப்பத்தில் அதற்கு வேலை இல்லை.

என்னென்ன ஆவணம், எந்த ஒழுங்கில்?

முதலாவது, பரீட்சைத் திணைக்களத்தின் ஆங்கிலப் பெறுபேற்றுச் சான்றிதழ். இணையத்தில் பார்த்து அச்சடித்த பெறுபேற்றுத்தாள் விண்ணப்பிக்கும்போது போதும், கிரெடிற் தீர்மானத்துக்குப் போதாது. அதற்குச் சான்றிதழ் திணைக்களத்திலிருந்து நேராகப் பல்கலைக்கழகத்துக்கோ மதிப்பீட்டு நிறுவனத்துக்கோ போகவேண்டும் என்று கேட்பார்கள். திணைக்களம் அந்தச் சேவையைச் செய்கிறது, இணையவழியாகவும் விண்ணப்பிக்கலாம். சுட்டெண்ணும் பரீட்சை ஆண்டும் சரியாக இருக்கவேண்டும்.

அந்த ஆண்டில்தான் கோளாறு வருகிறது. 2023ஆம் ஆண்டுக்கான உயர்தரம் 2024 ஜனவரியில் நடந்தது. சான்றிதழில் 2023, பிள்ளை எழுதியது 2024. வெளிநாட்டுப் படிவத்தில் "பரீட்சை எழுதிய திகதி" என்று கேட்டால் மாதத்தையும் உண்மையான ஆண்டையும் கொடுத்து, "2023 பரீட்சை" என்றும் குறிப்பிடுங்கள். இரண்டும் முட்டிக்கொண்டால் கோப்பு ஒரு மூலையில் கிடக்கும், யாரும் உங்களுக்கு அறிவிக்கமாட்டார்கள்.

இரண்டாவது, பாடத்திட்டம். பெறுபேறு "நான் சித்தியடைந்தேன்" என்று மட்டும் சொல்லும். என்ன படித்தீர்கள் என்பதைப் பாடத்திட்டம்தான் சொல்லும், கிரெடிற் கொடுக்கும் பேராசிரியர் வாசிப்பதும் அதைத்தான். மகரகம தேசிய கல்வி நிறுவகம் உயர்தரப் பாடத்திட்டங்களையும் ஆசிரியர் வழிகாட்டிகளையும் ஆங்கிலத்திலும் வெளியிடுகிறது, இணையத்தில் கிடைக்கும். தமிழில் படித்திருந்தாலும் ஆங்கிலப் பிரதியை இறக்கலாம், பாடத்திட்டம் ஒன்றுதான். மொழிபெயர்ப்பாளரிடம் காசு கொடுத்து மொழிபெயர்க்க வேண்டாம். நீங்கள் எழுதிய ஆண்டுக்கு உரிய பதிப்பா என்று பாருங்கள், பாடத்திட்டங்கள் இடையிடையே திருத்தப்படுகின்றன. தலைப்புக்கு எத்தனை பாடவேளை என்ற அட்டவணை அதில் இருக்கும். அந்தப் பக்கத்தைத் தவறாமல் சேருங்கள்.

மூன்றாவது, நீங்களே தயாரிக்கிற ஒப்பீட்டு அட்டவணை. இதை யாரும் கேட்கமாட்டார்கள். ஆனாலும் செய்யுங்கள். இடது பக்கத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடக் குறியீடும் வாராந்தத் தலைப்புகளும், வலது பக்கத்தில் நமது பாடத்திட்டத்தில் அதே தலைப்பு வரும் அலகும் பக்க எண்ணும். ஒரே பக்கத்துக்குள் அடக்குங்கள். எண்பது பக்கப் பாடத்திட்டத்தைப் புரட்ட எந்தப் பேராசிரியருக்கும் பொறுமை இராது. அட்டவணை இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்வார். ஒத்துப்போகாத தலைப்பை மறைக்க வேண்டாம், "இல்லை" என்று எழுதுங்கள். பத்தில் எட்டு ஒத்துப்போனாலே பல இடங்களில் சம்மதிப்பார்கள், ஒளித்ததைக் கண்டுபிடித்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

வெளிநாட்டு அமைச்சின் அத்தாட்சி தேவையா? கொழும்புக்குப் போகவேண்டுமா?

கிரெடிற்றுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. திணைக்களத்திலிருந்து நேரே போகிற ஆவணத்துக்கு அத்தாட்சி கேட்பது அரிது. யாராவது எழுத்தில் கேட்டால் மட்டும் செய்யுங்கள். அப்போதும் கொழும்பு பஸ் ஏறத் தேவையில்லை, யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே கொன்சியூலர் பிரிவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

கடவுச்சீட்டில் ஒரு பெயர், சான்றிதழில் இன்னொன்று. என்ன செய்வது?

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளில் பலருக்கு இது உண்டு. உயர்தரச் சான்றிதழில் தகப்பனின் பெயர் ஒரு முதலெழுத்தாகவும் பிள்ளையின் பெயர் முழுதாகவும் இருக்கும். கடவுச்சீட்டில் தகப்பனின் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர்ப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும். அங்கேயுள்ள கணினிக்கு இவர்கள் இரண்டு பேர். பிறகு ஆங்கில எழுத்துக்கூட்டல்: ஒரு இடத்தில் "எச்" கூடியிருக்கும், இன்னொரு இடத்தில் "ஏ" ஒன்று குறைந்திருக்கும்.

பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு, தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு மூன்றையும் வைத்துச் சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள். "இன்ன பெயர்களால் குறிக்கப்படுபவர் ஒருவரே" என்று, எல்லா எழுத்துக்கூட்டல்களையும் உள்ளபடியே அதில் பட்டியலிடவேண்டும். ஒன்று விடுபட்டால் அந்த ஒன்றுதான் பிறகு கேள்வியாக வரும். திணைக்களத்தின் பதிவிலேயே எழுத்துப்பிழை இருந்தால் சத்தியக்கடதாசியால் அது தீராது, பாடசாலை அதிபர் ஊடாகத் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும். விசா வந்த பிறகு அல்ல, பெறுபேறு வந்த கிழமையே பாருங்கள்.

ஆய்வுகூடக் கிரெடிற் தனியாகக் கேட்கிறார்கள். எங்களுக்குச் செய்முறைப் பரீட்சை இல்லையே?

ஆம், விஞ்ஞானப் பாடங்களுக்குத் தனிச் செய்முறைப் பரீட்சை இல்லை. செய்முறை அறிவு எழுத்துத்தாளிலேயே சோதிக்கப்படுகிறது. அமெரிக்காவில் 4 கிரெடிற் இரசாயனவியலில் 3 விரிவுரைக்கும் 1 ஆய்வுகூடத்துக்கும் உரியவை. சான்றிதழில் ஆய்வுகூடம் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால் அந்த 1 வெட்டப்படும். சில துறைகள் ஆய்வுகூடம் இல்லையென்றால் பாடத்தையே ஏற்கமாட்டா.

இதற்குப் பதில் உங்கள் செய்முறைக் கொப்பி. ஆசிரியர் திகதியோடு ஒப்பமிட்ட கொப்பியை ஸ்கான் செய்து வையுங்கள். கூடவே பாடசாலைக் கடிதத்தாளில் அதிபரும் பாட ஆசிரியரும் ஒப்பமிட்ட கடிதம் ஒன்று: எத்தனை செய்முறைகள், மொத்தம் எத்தனை மணித்தியாலம், முக்கியமான செய்முறைகளின் பட்டியல் (அமில கார நியமிப்பு, தாக்க வீதம், நுணுக்குக்காட்டி அவதானம் என்று). கடிதத்தில் மணித்தியாலக் கணக்கு இல்லாவிட்டால் பயனில்லை. ரியூட்டரியில் மட்டும் படித்துப் பரீட்சைக்குத் தனிப்பட்ட விண்ணப்பதாரியாகத் தோற்றியவருக்கு இந்தக் கடிதம் கிடைக்க வழியில்லை. அவர் ஆய்வுகூடத்தை அங்கே படிப்பதுதான் நேர்மை. பெரிய நட்டமும் அல்ல, அங்கேயுள்ள கருவிகளில் கைபழகினால் மேல்வகுப்பில் உதவும்.

கொப்பிகளைப் பரீட்சை முடிந்ததும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள்.

டபிள்யூ.இ.எஸ் மதிப்பீடு எடுத்தால் போதாதா?

டபிள்யூ.இ.எஸ் என்பது வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிட்டு அறிக்கை தரும் நிறுவனம். முதலில், அனுமதிக் கடிதம் கேட்டால் மட்டும் எடுங்கள். கனடியப் பல்கலைக்கழகங்கள் இளமாணி அனுமதியில் ஏ.எல்லைப் பெரும்பாலும் தாங்களே மதிப்பிடும். அமெரிக்காவில் பல இடங்கள் வெளி மதிப்பீடு கேட்கும். அப்போதும் எந்த நிறுவனம் என்பதை அவர்களே சொல்வார்கள், அல்லது நேசஸ் என்ற சங்கத்தின் உறுப்பு நிறுவனம் ஒன்று என்பார்கள். டபிள்யூ.இ.எஸ்ஸும் இ.சி.இயும் அவ்வகை.

அறிக்கையில் இரண்டு வகை உண்டு: ஆவணத்தை மட்டும் சமப்படுத்துவது, பாடம் பாடமாக மதிப்பிடுவது. கிரெடிற்றுக்கு இரண்டாவது வகையே தேவை. மலிவாக இருக்கிறதே என்று முதலாவதை எடுத்தால் "பாடசாலை முடித்தவர்" என்று ஒரு வரி வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது. கனடாவில் மாமாவோ சித்தியோ குடிவரவுக்காக எடுத்த மதிப்பீட்டைப் பார்த்து அதையே எடுப்பவர்களும் உண்டு. அது வேறு தேவைக்கான ஆவணம்.

மதிப்பீட்டு நிறுவனம் சொல்வது பரிந்துரைதான். கடைசிச் சொல் பல்கலைக்கழகத்துடையது.

யாரிடம், எப்போது கேட்பது?

அனுமதி கிடைத்த பிறகு, முதல் செமஸ்ரருக்குப் பாடம் பதிவதற்கு முன்பு. அனுமதிக்கு முன்பு கேட்டால் பொதுவான பதில்தான் வரும். பதிந்த பிறகு கேட்டால் பாடம் ஓடத் தொடங்கிவிடும்.

கிரெடிற் மாற்றத்தைப் பதிவாளர் அலுவலகம் ஏற்றுக்கொள்ளும், ஆனால் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று சொல்வது உரிய துறை. இரண்டு இடத்துக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பினால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். பதிவாளர் அலுவலகத்திடம் நடைமுறையையும் கடைசித் திகதியையும் கேளுங்கள். துறையின் மாணவர் ஆலோசகருக்குப் பாடத்திட்டத்தையும் அட்டவணையையும் அனுப்புங்கள். மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும்: மாணவர் இலக்கம், பரீட்சையின் முழுப்பெயர், நடத்தும் திணைக்களம், பாடம், தரம், எந்தக் குறியீடுள்ள பாடத்துக்குச் சமம் கேட்கிறீர்கள். ஒரு மின்னஞ்சலில் ஒரு பாடம். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மிகக் கடினமானதில் முடிவு தடைப்பட்டு மூன்றும் நிற்கும். பதில் எழுத்தில் வரட்டும். தொலைபேசியில் "ஓம், கிடைக்கும்" என்று சொன்னவர் அடுத்த செமஸ்ரர் அந்தக் கதிரையில் இருக்கவேண்டும் என்றில்லை.

24 கிரெடிற் தந்தார்கள், ஆனால் எல்லாம் "தெரிவுப் பாடம்" என்று போட்டிருக்கிறார்கள். நல்லதா?

படிக்கிற துறையைப் பொறுத்தது. கலை, சமூக விஞ்ஞானம் போன்றவற்றில் தெரிவுப் பாடத்துக்கு இடம் தாராளமாக இருக்கும், 24உம் பட்டத்தில் சேரும். பொறியியலில் தெரிவுப் பாடத்துக்கு இரண்டோ மூன்றோ இடம்தான். மீதிக் கிரெடிற் பதிவேட்டில் அழகாக நிற்கும், பட்டத்தை ஒரு நாள்கூடக் குறைக்காது. மேலே "கணக்குப்படி" என்றது இதைத்தான். 24 பொதுக் கிரெடிற்றைவிட, "கல்குலஸ் 1க்குச் சமம்" என்று பெயர் சொல்லித் தரும் 4 கிரெடிற் பொறியியல் மாணவருக்குப் பெறுமதி கூடியது.

பொதுவாகத் தந்ததைக் குறிப்பிட்ட பாடமாக மாற்றும்படி மேன்முறையீடு செய்யலாம். ஒப்பீட்டு அட்டவணை அங்கேதான் உழைக்கும். மறுத்தால் விலக்குப் பரீட்சை இருக்கிறதா என்று கேளுங்கள். பல கணிதத் துறைகளில் உண்டு. நமது பிள்ளைகள் கடதாசியில் வாதாடுவதைவிடப் பரீட்சை எழுதுவதில் கெட்டிக்காரர்.

எவ்வளவு காசு மிச்சமாகும்?

கட்டணம் எப்படி அறவிடுகிறார்கள் என்று பாருங்கள். கிரெடிற்றுக்கு இவ்வளவு என்றால் கணக்கு நேரானது: கிரெடிற் 500 டொலர் என்று வைத்துக்கொண்டால் 16 கிரெடிற் 8000 டொலர். பல இடங்களில் 12 முதல் 18 கிரெடிற் வரை ஒரே கட்டணம். அங்கே ஒரு செமஸ்ரரில் ஒரு பாடம் குறைந்தால் ஒரு சதமும் மிச்சமில்லை. ஒரு முழு செமஸ்ரர் கழிகிற அளவுக்குக் கிரெடிற் சேர்ந்தால்தான் மிச்சம்.

பாடம் குறைந்தது என்று செமஸ்ரரை இலேசாக்கவும் முடியாது. அமெரிக்க எஃப் 1 விசாவில் இருக்கும் இளமாணி மாணவர் ஒவ்வொரு செமஸ்ரரும் குறைந்தது 12 கிரெடிற் எடுக்கவேண்டும், கடைசி செமஸ்ரரில் விலக்கு உண்டு. கனடாவிலும் முழுநேர மாணவராக இருக்கவேண்டும்.

கிடைத்த கிரெடிற்றை எல்லாம் பயன்படுத்தித்தான் ஆகவேண்டுமா?

இல்லை. இதில் எங்கள் அபிப்பிராயம் கொஞ்சம் இறுக்கமானது. இணைந்த கணிதத்தில் ஏ எடுத்தவர் கல்குலஸ் 1ஐத் தாண்டலாம். சி எடுத்தவர், அதுவும் பரீட்சைக்கும் முதல் வகுப்புக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு மாதம் கொப்பியைத் தொடாதவர், நேரே கல்குலஸ் 2இல் போய் உட்கார்ந்தால் முதல் செமஸ்ரரிலேயே சராசரி விழும். பரீட்சைக் கிரெடிற் பொதுவாக ஜி.பி.ஏயில் (தரப்புள்ளிச் சராசரியில்) சேராது, "மாற்றப்பட்டது" என்று மட்டும் நிற்கும். உங்கள் ஏ அங்கே சராசரியை உயர்த்தாது, ஆனால் அடுத்த பாடத்தில் எடுக்கும் குறைந்த தரம் நிச்சயம் இறக்கும். புலமைப்பரிசில் ஜி.பி.ஏயில் தொங்கினால் இது சின்ன விசயமல்ல. அந்தத் துறையின் பழைய கல்குலஸ் 1 இறுதிப் பரீட்சைத்தாள் ஒன்றை எடுத்து நேரம் வைத்துச் செய்து பாருங்கள். ஆங்கிலக் கலைச்சொற்களும் அப்போது பழகும். தமிழ் மொழிமூல மாணவர் தடுமாறுவது கணக்கில் அல்ல, கேள்வியை வாசிப்பதில்.

பிறகு மருத்துவம் படிக்கிற எண்ணம் என்றால்?

உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் கிரெடிற்றைப் பயன்படுத்துவதில் மிகக் கவனம். அமெரிக்க மருத்துவப் பீடங்கள் பல, முன்தேவைப் பாடங்களைப் பல்கலைக்கழகத்தில் தரத்தோடு படித்திருக்கவேண்டும் என்கின்றன. பரீட்சைக் கிரெடிற்றை ஏற்காது, அல்லது அதற்கு மேலான பாடம் ஒன்றைக் கேட்கும். விஞ்ஞானத்தை அங்கே படித்துவிட்டு, பொருத்தமான பொதுக்கல்விப் பாடங்களில் கிரெடிற்றைப் பயன்படுத்துங்கள்.

பெயர்போன பல்கலைக்கழகங்கள் கூடத் தருமா?

கூடவல்ல, குறையத்தான். டார்ட்மத் 2018ஆம் ஆண்டு பட்டம் பெறவிருந்த அணியிலிருந்து ஏ.பி போன்ற பரீட்சைகளுக்குக் கிரெடிற் தருவதை நிறுத்திவிட்டது, மேல்வகுப்பில் அமர மட்டும் அனுமதிக்கிறது. பிரவுண் பல்கலைக்கழகமும் பட்டத்துக்கு எண்ணுவதில்லை. மறுபக்கம், அரச பல்கலைக்கழகங்கள் தாராளம். புளோரிடாவில் மாநில மட்டத்திலேயே சமப்படுத்தல் பட்டியல் இருக்கிறது, ஏ.பி, ஐ.பி, கேம்பிரிட்ஜ் ஏ.ஐ.சி.இ பரீட்சைகளுக்கு மொத்தம் 45 கிரெடிற் வரை. அந்தப் பட்டியலில் நமது தேசிய உயர்தரம் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

அப்படியானால் இங்கிருந்தே ஏ.பி பரீட்சை எழுதலாமா?

எழுதலாம். ஆனால் உயர்தரத்தோடு சேர்த்து அல்ல. ஏ.பி அமெரிக்க கொலிஜ் போர்ட் நடத்துவது, மே மாதத்தில், 1 முதல் 5 வரை மதிப்பெண். 3 அல்லது அதற்கு மேல் என்றால் கிரெடிற் தருகிற இடங்கள் பல, தெரிந்தெடுத்த பல்கலைக்கழகங்கள் 4, 5 கேட்கும். உயர்தரம் முடித்து வெளிநாடு போகும்வரை ஒரு வருடம் கையில் இருப்பவர் கல்குலஸ் பி.சி என்ற ஏ.பி தாளை எழுதினால் கல்குலஸ் 1, 2 இரண்டுக்கும் வழி பிறக்கும். இணைந்த கணிதம் படித்தவர் தொடர்களையும், முனைவாள்கூறு, பரமானச் சமன்பாடு தொடர்பான நுண்கணிதத்தையும் புதிதாகப் படித்தால் போதும். முந்திய நவம்பரிலேயே பதியவேண்டும். வெளியாரை ஏற்கும் பரீட்சை நிலையம் இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துவிட்டுப் பாடப்புத்தகம் வாங்குங்கள்.

சமூகக் கல்லூரியில் தொடங்கிப் பிறகு பல்கலைக்கழகம் மாறினால் ஏ.எல் கிரெடிற்றும் கூட வருமா?

தானாக வராது. சமூகக் கல்லூரி என்பது அமெரிக்காவின் இரண்டு வருடக் கல்லூரி. அதற்குப் பிறகு போகும் இரண்டாவது இடம் உங்கள் சான்றிதழைத் தன் கொள்கைப்படி மறுபடி பார்க்கும். அங்கே தந்த 12 இங்கே பூச்சியமாகலாம். கல்லூரியில் சேரும் முன்பே போகவிருக்கும் பல்கலைக்கழகத்தின் கொள்கையைப் பார்த்து, அது ஏற்காத பாடங்களைக் கல்லூரியில் உண்மையாகவே படித்துத் தரத்தோடு கொண்டுபோங்கள்.

இங்கே கம்பஸிலோ எச்.என்.டியிலோ ஒரு வருடம் படித்துவிட்டுப் போனால்?

ஏ.எல்லைவிட அது பலமான ஆவணம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்திலோ சித்தியடைந்த பாடங்கள் மூன்றாம்நிலைக் கல்வி என்பதால் அவற்றைச் சாதாரண பாட மாற்றமாகவே பார்ப்பார்கள். உத்தியோகபூர்வப் பெறுபேற்று விவரத்தை இங்கிருந்து போகும்முன் எடுத்து, முத்திரையிட்ட உறையில் இரண்டு பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் விட்டதை விண்ணப்பத்தில் மறைக்கவேண்டாம். முன்பு படித்த எல்லா இடத்தையும் சொல்லவேண்டும் என்று படிவத்திலேயே எழுதியிருக்கும்.

நான் ஏற்கெனவே முதல் வருடம் முடித்துவிட்டேன். இனியும் கேட்கலாமா?

கேட்கலாம், படிக்காத பாடத்துக்கு மட்டும். கல்குலஸ் 1ஐ அங்கே படித்து முடித்திருந்தால் அதற்கான ஏ.எல் கிரெடிற் போய்விட்டது, ஒரே பாடத்துக்கு இரண்டு முறை எண்ணமாட்டார்கள். மீதிப் பாடங்களைப் பாருங்கள்: பொறியியல் மாணவருக்கு இரசாயனவியல் மிஞ்சியிருக்கலாம், கணினி மாணவருக்குப் பொதுக்கல்விப் பெட்டியில் பொருளியல் இடம் காலியாக இருக்கலாம். சில இடங்கள் முதல் வருட முடிவோடு இந்தக் கதவை மூடிவிடும். சில இடங்கள் கடைசி 30 கிரெடிற்றையும் தங்களிடமே படிக்கவேண்டும் என்று மட்டும் சொல்லி அதுவரை திறந்து வைத்திருக்கும். பதிவாளர் அலுவலகத்தின் கல்விக் கையேட்டில், நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய பதிப்பில், "முன்கற்றல்" அல்லது "மாற்றுக் கிரெடிற்" தலைப்பின் கீழ் அந்தத் திகதி இருக்கும்.